‘நோ ஃபயர் ஸோன்’: சாட்சியமும் வரலாறும் – ஒரு நோக்கு

விவரணத் திரைப்படத்தைக் கலைப்படைப்பாகக் கொள்வதா, சாட்சியமாகக் கொள்வதா என்பது அதனை மதிப்பிட முனையும் எவருக்கும் முதலில் எழும் வினாவாகும். கலம் மக்ரே இயக்கி 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நோ ஃபயர் ஸோன்’ என்னும் படத்தைப் பொறுத்தவரையில் இது வெறும் கோட்பாட்டு வினாவன்று. ஜெனீவாவிலே ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை கூடியிருந்த வேளையில் இப்படம் முதன்முதலில் திரையிடப்பட்டது. இந்தியாவில் இதற்குத் தணிக்கைச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. மலேசியாவில் இதனைத் திரையிட்டமைக்காக ஒரு செயற்பாட்டாளர்மீது வழக்குத் தொடரப்பட்டு, 2017இல் அபராதமும் விதிக்கப்பட்டது. இலங்கை அரசோ இதனைப் புனைவென்றே தள்ளிவிட்டது. இத்தகையதொரு படத்தை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கல்முனைக் கரையோரத்து முஸ்லிம்களாகிய நாம் எவ்வாறு நோக்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

படம் 2008 செப்ரெம்பரில் தொடங்குகிறது. கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. பணியாளர் வெளியேறுகின்றனர், போகவேண்டாமென்று மக்கள் வாயிலில் நின்று மன்றாடுகின்றனர். அதன்பின்னர் 2009 ஜனவரி, பெப்ரவரி, மே ஆகிய மாதங்களில் அரசு ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்த மூன்று பாதுகாப்பு வலயங்களையும் படம் பின்தொடர்கிறது. வலயம் சுருங்கச் சுருங்க, உயிர் பிழைத்தற்கான இடமும் சுருங்குகிறது. தற்காலிக மருத்துவமனைகள், ஆழமற்ற பதுங்கு குழிகள், முள்ளிவாய்க்கால் மணற்பரப்பு என்று காட்சிகள் நகர்கின்றன. குடிமக்களுள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என நம்பத்தகுந்த வட்டாரங்கள் மதிப்பிட்டதாக ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் குறிப்பிட்டது. எண்ணாக மட்டும் நாம் வாசித்திருந்த அந்தச் செய்திக்கு இப்படம் முகங்களைத் தருகிறது.

இப்படத்தின் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. மக்ரே அக்களத்தில் நின்று படம்பிடித்தவரல்லர். வலயத்தினுள்ளே எடுக்கப்பட்ட காட்சிகளிற் பல விடுதலைப் புலிகளின் படப்பிடிப்பாளர்களும் அங்கு அகப்பட்டிருந்தோரும் எடுத்தவை. கைதிகள் சுடப்படும் காட்சிகள் இராணுவத்தினர் தம் கைத்தொலைபேசிகளில் வெற்றிச் சின்னமாகப் பதிந்தவை. பின்னவற்றுள் முக்கியமான ஒரு பதிவை ஐ.நா. விசேட அறிக்கையாளர் ஆராய்ந்து, அது உண்மையானதென்றே முடிவுசெய்தார். ஆயின் கமராவை ஏந்தியவர் தம் குற்றத்தைத் தாமே படம்பிடிப்பது அரிது. இராணுவத்தினர் செருக்கினால் அதனைச் செய்தனர். புலிகளின் படப்பிடிப்பாளரோ அவ்வாறு செய்யவில்லை. தப்பியோட முயன்றோரைப் புலிகள் சுட்டமையும், சிறாரைக் கட்டாயமாகப் படையிற் சேர்த்தமையும் நிபுணர் குழுவின் அறிக்கையில் உள்ளன. படமும் அவற்றைச் சொல்லுகிறது. ஆனால் பெரும்பாலும் சொல்லினாற் சொல்லுகிறதேயன்றிக் காட்சியினாற் காட்டவில்லை. காட்சியே வலிமையாகிய ஊடகத்தில், சொல்லால் மட்டும் கூறப்படுவது பார்ப்போர் மனத்தில் நிலைப்பதில்லை. இதனை இயக்குநரின் பக்கச்சார்பென்று கூறுதல் நியாயமன்று. ஆயினும் இக்குறைபாட்டை அவர் பார்ப்போர்க்கு வெளிப்படையாக உணர்த்தியிருக்கலாம்.

ஒரு காட்சி தனித்துக் குறிப்பிடற்குரியது. எறிகணைகள் விழுந்துகொண்டிருக்கின்றன. பதுங்கு குழியினுள் இருப்போர், வெளியே நின்று படமெடுப்பவரை நோக்கி, படமெடுப்பதை விட்டு உள்ளே வரும்படி கதறுகின்றனர். இப்படத்தை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்னும் கேள்வி அக்கதறலில் அடங்கியிருக்கிறது. ஜெனீவாவில் இருந்தோர் அதனை ஆங்கில எழுத்துக்களின் வாயிலாகவே அறிந்தனர். எமக்கு அவ்வெழுத்துக்கள் தேவைப்படவில்லை. எழுத்திலே சுருங்கிப்போன விளிகளும் முறைப்பெயர்களும் எமது செவியை நேரே வந்தடைந்தன. மொழி தெரியாத அந்நியராக ஒதுங்கிநின்று பார்க்கும் வசதி எமக்கு வாய்க்கவில்லை. இப்படம் எம்மைத் தனது முதன்மைப் பார்வையாளராகக் கருதவில்லை; ஆயினும் அதனை முழுமையாகக் கேட்கக்கூடியவர்களுள் நாமும் அடங்குகிறோம்.

இங்கேதான் எம்மூர்களில் எழும் மறுப்பு ஒன்றினை எதிர்கொள்ளவேண்டியிருக்கிறது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் புலிகளாற் கொல்லப்பட்டனர். சில தினங்களின் பின் ஏறாவூரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தவர்க்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அன்று கொல்ல வந்தவர்களும் தமிழே பேசினர். “அப்போது எமக்காக எந்தக் கமரா அழுதது?” என்று மூத்தோர் கேட்கின்றனர். இக்கேள்வியை இனவாதமென ஒதுக்குதல் தவறு. காத்தான்குடிப் பள்ளிவாசற் சுவரில் இன்றும் காக்கப்படும் துப்பாக்கிக் குண்டுத் துளைகளே எமக்கு எஞ்சிய ஆவணம். 2008இல் தொடங்கும் ஒரு படத்தில் அச்சுவருக்கு இடமில்லை.

ஆனால் இம்மறுப்பிலிருந்து பெறப்படும் முடிவு யாது? இரு முடிவுகள் சாத்தியம். எம்மைக் கூறாத படத்தை நாமும் பார்க்கவேண்டியதில்லை என்பது ஒன்று. இப்படம் எதனைச் செய்கின்றது, எதனைச் செய்யவில்லை என வகுத்துணர்வது மற்றையது. முதலாவது முடிவு துயரைப் பண்டமாற்றாக்கிவிடுகிறது. நீ எனக்கு அழுதால் நான் உனக்கு அழுவேன் என்னும் நியதியில் எந்த அழுகையும் தொடங்கப்போவதில்லை. மேலும், முள்ளிவாய்க்காலில் இறந்த குழந்தைக்கும் காத்தான்குடியிற் சுட்டவனுக்கும் மொழியைத் தவிர வேறென்ன தொடர்பு? மொழியைக் கொண்டே குற்றத்தைச் சுமத்துவதாயின், அதே மொழியைப் பேசும் நாம் எங்கே நிற்பது?

ஆகவே இரண்டாவது முடிவே ஏற்புடையது. ‘நோ ஃபயர் ஸோன்’ உருவத்தில் ஒரு குற்றப்பத்திரம். குற்றப்பத்திரத்திற்குக் காலமும் இடமும் வரையறுக்கப்பட்டவை. அவ்வரையறைக்குள் அதன் வாதம் வலிமையானது. வரலாறு என்று அதனைக் கொள்வோமாயின் அது குறைபாடுடையது. இறுதி மாதங்களுக்கு முன்னிருந்த கால் நூற்றாண்டு அதில் ஒரு முன்னுரையாகவே சுருங்கிவிடுகிறது. சாட்சியத்தை வரலாறாக மயங்குவது ஒரு தவறு. வரலாறாக இல்லையென்பதற்காகச் சாட்சியத்தை மறுப்பது அதனினும் பெரிய தவறு.

படத்தின் கலைமுறையில் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. இறந்த பெண்களின் உடல்கள் அவர்களைக் கொன்றோரின் பார்வையிலேயே எமக்கும் காட்டப்படுகின்றன. சாட்சியத்தின் தேவை என்று அதற்கு விடையிறுக்கலாம். மறைத்தால் மறுப்பார்கள் என்பதும் உண்மையே. எனினும் மையித்தை மூடிவைத்து, கண்ணியத்துடன் அடக்கும் மரபில் வளர்ந்த எமக்கு, இவ்விடத்தில் மனம் ஒவ்வவில்லை. நிரூபிக்கப் போதுமான அளவைக் காட்டியபின் கமரா விலகியிருக்கவேண்டும்.

2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை மக்கள் பேரணி சென்றபோது, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான குரலோடு, கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்காதே என்னும் குரலும் சேர்ந்தொலித்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வீதியில் நடந்தனர். ஒருவர் துயரை மற்றவர் சொல்வதற்கு முதலில் எல்லாக் கணக்குகளும் தீர்க்கப்பட்டிருக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்நடை சான்று.

இப்படத்தை எமது மாணவர் பார்க்கவேண்டும். குறைகளை உணர்ந்தே பார்க்கவேண்டும். வடக்கின் தமிழ் மாணவரும் ஒருமுறை காத்தான்குடிக்கு வந்து அச்சுவரின் முன் நிற்கவேண்டும். அவர்கள் வந்த பின்னரே நாம் பார்ப்போம் என்று காத்திருத்தல் ஆகாது. பதுங்கு குழியிலிருந்து எழுந்த கேள்வி எமது மொழியிலேயே கேட்கப்பட்டது. அதற்கு விடையளிக்கும் பொறுப்பிலிருந்து எமக்கு விலக்கில்லை.