ஈட்டும் வழியும் இல்லத்து உணவும்

இமாம் கஸ்ஸாலி (1058–1111) இயற்றிய 'இஹ்யா உலூமித்தீன்' 40 நூல்களின் தொகுப்பாகும். அவற்றுள் 14ஆம் நூல் ஹலால், ஹராம், அதாவது ஆகுமானவை, ஆகாதவை பற்றியது. தகாத வழியில் வந்த பொருளை என் செய்வது என்னும் வினா அதன் நடுவே நிற்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரித் தொழில் வட்டாரத்தில் ஊழியம் செய்வோருக்கு இவ்வினா அயலானதன்று. இங்குக் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் ஒரே ஆலைகளில் உழைக்கின்றனர். எல்லைக்கு இருபுறமும் குடும்பங்கள் வட்டிக்கடனில் தவிக்கின்றன. கடன் வசூலிப்போரின் கொடுமையைத் தடுக்கத் தமிழகமும் கர்நாடகமும் 2025இல் தனித்தனியே சட்டம் இயற்ற நேர்ந்தது.

கஸ்ஸாலியின் தீர்ப்பில் நாம் மதிக்க வேண்டியது அதன் வரிசை முறை. மனந்திரும்பியவன் தகாப்பொருளைத் தன் உடைமையினின்று பிரித்தெடுக்க வேண்டும். உரியவனுக்கோ, அவன் இறந்திருப்பின் அவன் வாரிசுகளுக்கோ திருப்பித் தர வேண்டும். உரியவனை அறிய இயலாதபோதே அதைத் தானமாக வழங்கலாம்.

குடும்பத்தாரின் நிலையென்ன? ஹனபி சட்ட அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) எடுத்துரைக்கும் தீர்ப்பின்படி, தூய்மையற்ற வருவாயால் கணவன் வாங்கிய உணவையும் உடையையும் மனைவி ஏற்கலாம். பாவம் கணவனையே சாரும். ஆகானின் பாவத்தில் அவன் பிள்ளைகளும் அழிந்ததை (யோசுவா 7) வாசிக்கும் நாம், இத்தீர்ப்பு எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்திற்கு அருகில் நிற்பதைக் காண்கிறோம்.

ஆயினும் ஒரு குறை உண்டு. பாவத்தினின்று மனைவியை விடுவிக்கும் இத்தீர்ப்பு, கணவனின் வருவாயைக் குறித்து அவள் வினவ இடமளிப்பதாகத் தெரியவில்லை. மேலும், வட்டி வாங்குவோரோடு கொடுப்போரையும் நபிமொழி கண்டிக்கிறது. ஒப்பந்தக் கூலி போதாமல் குழுக்கடன் பெற்ற தாயும் இக்கண்டனத்துள் அடங்குவாளோ? நிர்ப்பந்தம் என்னும் விலக்கைச் சட்ட அறிஞர் அறிவர். ஆனால் அவளைக் கடனுக்குத் தள்ளிய குறைகூலியை யார் விசாரிப்பது? உழைப்பவனின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கக் கட்டளையிடும் நபிமொழியும் உண்டு. அதனையும் சேர்த்து வாசித்தாலன்றி, ஹராம் பற்றிய போதனை எளியோர்மீது மட்டும் சுமையாகிவிடும். யாக்கோபு 5:4 நமக்கும் இதையே உணர்த்துகிறது.

இவ்வாறு மதிப்பிடும் நாம், நம் திருச்சபையையும் அதே தராசில் நிறுத்த வேண்டும். தசமபாகத்தின் அளவைக் கேட்கிறோம். அது வந்த வழியைக் கேட்பதில்லை. இழிவான வழியில் வந்த பொருளைக் காணிக்கையாக ஏற்கலாகாதென உபாகமம் 23:18 தடுக்கிறது. சகேயு ஏழைகளுக்குப் பாதியைக் கொடுப்பதோடு நிற்கவில்லை. அநியாயமாய்ப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வருகிறான். அவ்வேளையில்தான் ஆண்டவர், இரட்சிப்பு அந்த வீட்டுக்கு வந்ததென அறிவிக்கிறார் (லூக்கா 19:8–9). தனிமனிதன் பொருளைத் திருப்புகிறான்; மீட்பு வீடு முழுவதற்கும் உரியதாகிறது.

ஓசூரின் புதிய குடியிருப்புகளில் வீட்டுப் பிரதிஷ்டைக்கு அழைக்கப்படும் போதகர், ஜெபத்திற்கு முந்தைய சந்திப்பிலேயே கணவன், மனைவி இருவரோடும் இதைப் பேசலாகாதா? அண்டை வீட்டு இஸ்லாமியர் தம் சட்ட நூல்களில் கேட்கும் வினாவை நாம் கேட்கத் தயங்குவது முறையன்று.