பந்தியும் மேடையும்

சமத்துவம் என்று பொதுப்படப் பேசினால் யாவரும் தலையசைப்பர். 1924-25இல் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் பேசியபோது அவ்வாறு தலையசைத்து எழுந்து செல்ல இயலவில்லை. தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவியில், வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர் தனியே உண்டனர். 'இருவர்தாமே!' என எளிதாய் ஒதுக்கக்கூடிய செய்திதான். அவ்விருவரின் இலையையே பேச்சாளர் பொருளாக்கினர். காங்கிரஸ் நிதி பெற்ற நிறுவனத்தில் இரு பந்தி ஏன் என்று வினவினர். அப்பேச்சின் வலிமை அடுக்குமொழியில் அன்று, இவ்வினாவிலேயே இருந்தது. 1955 டிசம்பர் 5ஆம் நாள் மான்ட்கோமரி ஆலயமொன்றில் மார்ட்டின் லூதர் கிங் நிறவெறியை எதிர்த்து எழுப்பிய குரலும் ஒரு பேருந்து இருக்கையிலிருந்தே பிறந்தது. அந்தியோகியாவில் பவுல் கேபாவை முகமுகமாய் எதிர்த்ததும் பந்தியைக் குறித்தன்றோ?

குறையும் உண்டு. வழக்கு பிராமணர், பிராமணரல்லாதார் என்ற அளவிலேயே பேசப்பட்டது. ஒடுக்கப்பட்டோரின் இலை எங்கே என்ற வினா பின்தள்ளப்பட்டது. பிறப்பினால் உயர்வுதாழ்வு பாராட்டலாகாதென 1925இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி தீர்மானித்தது. அவ்வாண்டு ஜூனில் ஐயர் பாபநாச அருவியில் மகளைக் காக்க முயன்று உயிர்நீத்தார்.

நம் பிரசங்க பீடங்களில் கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் அடிக்கடி ஒலிக்கிறது. இரண்டாம் அதிகாரம் அரிது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகுவோர் திருமணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவதை வெளிப்படையாய்க் கூறிய அருளுரையை இப்பள்ளத்தாக்கில் நான் ஒருமுறையே கேட்டேன். அடுத்த மாதமே அவ்வாயரை மாற்றக் கோரி மனுச் சென்றது.