கர்னல் ஜோன்ஸும் ஒரு ‘அதனால்’-உம்

ஃபாக்லாந்து போரைப் பற்றி எதை வாசித்தாலும் ஒரு பெயரில் வந்து நிற்போம்: லெப்டினன்ட் கர்னல் ஹெச். ஜோன்ஸ். ஹெர்பர்ட் என்ற தன் பெயர் பிடிக்காததால் வெறும் ‘ஹெச்’. பிரிட்டிஷ் பாராசூட் ரெஜிமென்ட்டின் 2-ஆம் பட்டாலியன் தளபதி. (பாராசூட் வீரர்கள்தான், ஆனா அந்தச் சண்டையில் யாரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. கப்பலில் வந்து இறங்கி நடந்தே போனார்கள்.) 1982 மே 28 அன்று, கூஸ் கிரீன் சண்டையில், டார்வின் குன்றில் இறந்தார். வயது 42. இறந்தபின் விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

அந்த விருதுக் குறிப்பின் முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. ‘ஏ’ கம்பெனி குன்றடியில் மாட்டிக்கொண்டது. ஜோன்ஸ் தன் துப்பாக்கியோடு ஒரு பதுங்குகுழியை நோக்கி ஓடினார், இன்னொரு குழியிலிருந்து வந்த குண்டில் விழுந்தார். இதெல்லாம் நடந்தது. கடைசி வரிகள்தான் உறுத்துகின்றன. அவருடைய வீரம் எதிரியின் போரிடும் மனதையே குலைத்துவிட்டது, சீக்கிரமே சரணடைந்தார்கள் என்று முடிகிறது. அவர் இறந்தார், அதனால் ஜெயித்தோம். அந்த ‘அதனால்’ எங்கிருந்து வந்தது?

ஸ்பென்சர் ஃபிட்ஸ்-கிப்பன் 1995-ல் எழுதிய ‘நாட் மென்ஷன்ட் இன் டெஸ்பாட்சஸ்’ கிளறுவது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். குன்றில் எதிர்ப்பு முறிந்தது, ‘ஏ’ கம்பெனிக்காரர்கள் குழி குழியாகப் போராடியதாலும், கார்ப்பரல் ஏபல்ஸ் 66 மி.மீ. ராக்கெட்டால் ஒரு குழியைத் தகர்த்ததாலும். விழுந்தவர் தளபதி என்பது எதிரே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்றே நினைக்கிறேன். தெரியாத ஒரு சாவு எப்படி மனதைக் குலைக்கும்?

ஃபிட்ஸ்-கிப்பன் இன்னொன்றும் சொல்கிறார்: ஜோன்ஸ் எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்திருந்தார். கடலோரமாகச் சுற்றிப் போகலாம் என்று ‘டி’ கம்பெனியின் மேஜர் நீம் சொன்னதை அவர் ஏற்கவில்லை. பிறகு பொறுப்பேற்ற மேஜர் கீபிளின் காலத்தில் அதே கடலோர வழிதான் கைகொடுத்தது. இது வலுவான வாதம். ஆனா இதை வைத்து ஆளையே முன்கோபக்காரர் என்று ஒதுக்கிவிட முடியுமா? அடுத்த சில நிமிடங்களில் யாராவது அசைந்தே ஆகணும் என்ற நிலையில், பட்டாலியன் தளபதியே எழுந்து ஓடினார். முடிவு தப்பாக இருக்கலாம், துணிச்சல் பொய்யில்லை. விருதுக் குறிப்புதான் இரண்டையும் ஒன்றாக்கி, துணிச்சலுக்கு ஒரு வெற்றியைக் கூலியாகக் கட்டிவிடுகிறது.

அதே குன்றில், எதிர்த்தரப்பில், லெப்டினன்ட் ராபர்ட்டோ எஸ்தேவெஸ் இறந்தார். அவருக்கு அர்ஜென்டினா தன் மிக உயர்ந்த வீர விருதைக் கொடுத்தது. அவர் பக்கம் தோற்றது.