மசோதாவை எழுதியது யார்?

ஒரு மாநிலத்தின் சட்டத்தை இன்னொரு மாநிலம் பார்த்து எழுதுவதில் தவறில்லை. அமெரிக்காவில் 1892 முதலே ஒரு பொதுச்சட்ட ஆணையம் மாநிலங்களுக்கான வரைவுகளைத் தயாரித்துத் தருகிறது. அங்கே மாநில எல்லைகளைத் தாண்டி வணிகம் ஏறக்குறைய ஒரே விதிகளில் நடப்பதற்கு அதன் உழைப்பும் ஒரு காரணம். ஆகவே, 1973இல் தோன்றி, மாநிலங்களுக்கு மாதிரி மசோதாக்களைத் தரும் 'அலெக்' என்னும் அமெரிக்கச் சட்டமன்றப் பரிமாற்றக் கழகத்தை நகலெடுப்புக்காக மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

அந்த அமைப்புக்கு ஒரு தேவை இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் சட்டமன்ற உறுப்பினரின் ஊதியம் ஆண்டுக்கு 100 டாலர். 1889இல் நிர்ணயித்தது, இன்றும் மாறவில்லை. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஈராண்டுக்கு ஒருமுறை, 140 நாள்கள்தான். உதவியாளரும் ஆய்வாளரும் இல்லாத உறுப்பினர்களே அலெக்கின் வரைவுகளை அதிகம் எடுத்தாளுகிறார்கள் என்று அரசியல் அறிஞர் அலெக்சாண்டர் ஹெர்டெல்-பெர்னாண்டஸ் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். கையில் ஆயத்தமான மசோதா, துணைக்குத் தரவுகள், பேச வேண்டிய வாதங்கள்: தனித்து நிற்கும் ஓர் உறுப்பினருக்கு இது பேருதவி.

ஆனால் அந்த மசோதா உருவாகும் இடம்தான் கவலை தருகிறது. உறுப்பினர் கட்டுவது பெயரளவுக் கட்டணம். நிறுவனங்கள் கட்டுவது ஆயிரக்கணக்கான டாலர். இரு தரப்பும் பணிக்குழுவில் சேர்ந்தமர்ந்து மாதிரி மசோதாவுக்கு வாக்களிக்கின்றன. இறுதி ஒப்புதல் சட்டமன்ற உறுப்பினர்களிடமே என்கிறது அலெக். இருக்கட்டும். வாக்காளர் தேர்ந்தெடுக்காத ஒருவர் மூடிய அறையில் வரைவுக்கு வாக்களித்தார் என்பது அதனால் மாறிவிடாது.

புளோரிடா 2005இல் இயற்றிய தற்காப்புத் துப்பாக்கிச் சட்டத்தைத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் அலெக்கிடம் கொண்டுசென்றது; அது மாதிரி மசோதாவாகி மாநிலம் மாநிலமாகப் பரவியது. 2012 பிப்ரவரியில் 17 வயது டிரேவான் மார்ட்டின் புளோரிடாவில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே அந்தப் பயணம் பரவலாகப் பேசப்பட்டது. கோகோ கோலாவும் மெக்டொனால்ட்ஸும் அலெக்கை விட்டு விலகின. ஏப்ரலில் அத்தகைய மசோதாக்களைக் கையாண்ட பணிக்குழுவே கலைக்கப்பட்டது. ஒரு துப்பாக்கிச் சட்டத்துக்குப் பொறுப்புக் கேட்க மக்கள் குளிர்பான நிறுவனத்தை நெருக்க வேண்டியிருந்தது! தேர்தல் செய்ய வேண்டிய வேலையை வாடிக்கையாளரின் கோபம் செய்தது. இதை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பழக்கம் அலெக்கோடு நிற்கவும் இல்லை. எட்டு ஆண்டுகளில் 10,000க்கும் மேற்பட்ட மசோதாக்கள் பல்வேறு குழுக்களின் மாதிரிகளிலிருந்து பெரும்பாலும் நகலெடுக்கப்பட்டவை என்றும், அவற்றில் 2,100க்கும் மேற்பட்டவை சட்டமாயின என்றும் யுஎஸ்ஏ டுடே உள்ளிட்ட ஊடகங்கள் 2019இல் கண்டறிந்தன. இடதுசாரிக் குழுக்களும் தங்கள் மாதிரிகளைக் கொடுத்திருந்தன.

தடை விதித்தால் இவை வேறு பெயரில் வரும். மசோதாவின் முதல் பக்கத்திலேயே அதன் மூல வரைவைத் தந்தவர் யார், அவருக்குப் பணம் தருபவர் யார் என்று எழுதச் செய்யலாம். சட்டமன்றங்களுக்குச் சொந்தமாக வரைவாளர்களையும் ஆய்வாளர்களையும் அமர்த்துவது அதைவிட அவசரம். அந்தச் செலவை மாநிலங்கள் மிச்சப்படுத்தும்வரை அதை வேறொருவர் செய்துகொண்டிருப்பார், தமக்கு வேண்டிய சட்டத்துக்காக.