கண்ணும் வாயும் கூறும் சான்று

மாணவன் ஒருவன் கணக்கில் தவறிவிட்டான். விடை பிழை என்பதைத் தாள் காட்டும். எந்த இடத்தில் வழி தவறினான் என்பதைக் காட்டாது. மலேசியாவில் 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின், வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு ஆசிரியர்மீது மிகுந்தது. ஆகவே, பிள்ளை எவ்வாறு சிந்திக்கிறது என்னும் வினா, உளநூலாருக்கு மட்டுமன்றி ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் உரியதாகிறது.

இவ்வினாவுக்கு விடை காண உளநூலார் நாடிய சான்றுகள் இரண்டு: ஒன்று கண், மற்றொன்று வாய்.

கண்ணின் சான்றை ஆராய்ந்தவருள் ரஷ்ய அறிஞர் யார்பஸ் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். 1965இல் வெளிவந்த அவர் நூலில் ரெபினின் ஓவியம் ஒன்று பேசப்படுகிறது. எதிர்பாராமல் வீடு திரும்பிய ஒருவனைக் காட்டும் ஓவியம் அது. அதிலுள்ளோர் வயதைக் கேட்டபோது பார்த்தவரின் கண் முகங்களை நாடியது. குடும்பத்தின் செல்வநிலையைக் கேட்டபோது உடைகளையும் வீட்டுப் பொருள்களையும் நாடியது. ஓவியம் ஒன்றே, வினா மாறக் கண்ணின் வழியும் மாறிற்று. ஆயினும், ஓரிடத்தில் கண் நெடுநேரம் நிற்பது ஐயத்தாலா, ஆர்வத்தாலா? கண் அதைச் சொல்லாது.

வாயைக் கேட்கலாமா? 1977இல் நிஸ்பெட், வில்சன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முற்றிலும் ஒன்றுபோன்ற நான்கு இணைக் காலுறைகளை வரிசையாக வைத்து, சிறந்ததைத் தேரச் சொன்னார்கள். வலக்கோடியில் இருந்ததையே மிகப் பலர் தேர்ந்தனர். காரணம் கேட்டால் துணியின் தரத்தைக் கூறினார்களேயன்றி, இருந்த இடத்தை எவரும் கூறவில்லை!

இதனால் வாய்ச்சான்று பொய்யென்று தள்ளிவிடலாகாது. எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1984இல் எழுதிய நூல் ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டுகிறது. "ஏன் செய்தாய்?" என்று பின்னர்க் கேட்டால் மனம் காரணத்தைப் புனையும். செய்யும்போதே மனத்தில் ஓடுவதைச் சொல்லச் சொன்னால், சிந்தனையின் வேகம் குறையலாம். வழி பெரிதும் மாறாது என்பது அவர்கள் கொள்கை.

கொள்கை நன்று. ஆனால் நம் பிள்ளைகளை எண்ணும்போது ஒரு குறை தோன்றுகிறது. எம்மொழியில் சொல்வது? 2016இல் தொடங்கிய இருமொழித் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய். தமிழில் எண்ணியதை ஆங்கிலத்தில் சொல்லும் பிள்ளை, கணக்கோடு மொழிபெயர்ப்பையும் செய்கிறது. சொல்வடிவம் பெறாத எண்ணத்தைச் சொல்லாக்க நேரமும் உழைப்பும் வேண்டும் என்பதை அந்நூலாரே ஒப்புவர். அங்ஙனமாயின், அப்பிள்ளையின் தயக்கம் எதற்குச் சான்று? கணிதக் குறைவுக்கா, மொழிச் சுமைக்கா?

வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். ஒன்று அவைக்கு, மற்றொன்று காதலுக்கு. பார்வையின் பொருள் இடத்துக்கேற்ப வேறுபடும் என்பது நமக்குப் புதிதன்று.

ஆசிரியருக்குக் கருவி எதுவும் வேண்டா. பிள்ளையின் கண் எவ்வரிக்கு மீள்கிறது என்று நோக்கட்டும். அதற்கு இயல்பான மொழியில் எண்ணத்தைச் சொல்லவிட்டுக் கேட்கட்டும். இரண்டும் முரண்படுமாயின், முதலில் தம் வினாவை ஐயுறட்டும். அதன்முன் எந்தப் பிள்ளையையும் மந்தம் என்று எழுதிவிடுதல் அறமாகாது.