நெட்டிக் கோபுரமும் லேசர் கோபுரமும்

மாடல் செய்யறவங்க மத்தியில ஓயாத வழக்கு ஒண்ணு உண்டு. சிஎன்சி, லேசர், 3டி பிரிண்டர் வெச்சு செஞ்சா அதை 'நான் செஞ்சது'ன்னு சொல்லலாமா? இந்த வழக்கை திருச்சியில வெச்சு விசாரிக்கறது நல்லதுன்னு தோணுது. கோயில் மாடலுக்குன்னே இங்கே ஒரு பழைய கைவேலை இருக்கு: நெட்டி.

நெட்டி என்பது குளம் குட்டைகளில் வளரும் செடி. தண்டின் தோலைச் சீவினால் உள்ளே பஞ்சு போல லேசான, தந்தம் போல வெளுத்த சோறு. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் ஏறும் நெட்டி மாலையும் இதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் ஸ்ரீரங்கம் கோபுரமும் மலைக்கோட்டையும் இதுதான். கருவி என்று பார்த்தால் கூரான கத்தியும் பசையும்தான் முக்கியம். பக்கத்து ஊரின் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இப்போ எம்டிஎஃப் பலகையை லேசரில் வெட்டி அடுக்கிய கோபுரங்கள் வருது. இதை ஏமாத்து வேலைன்னு ஒதுக்கறதுல எனக்கு உடன்பாடில்லை. அளவு விஷயத்தில் மெஷின் நேர்மையானது. வரைபடம் சரியா இருந்தா 13 நிலையும் விகிதம் மாறாமல் குறுகும். கைவேலையில் பல நேரம் வாசல் பெரிசாகும், நிலைகள் குறையும்.

ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1987ல் கட்டி முடித்த ராஜகோபுரம் சுமார் 236 அடி. 200ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 36 செ.மீ. ஆள் உயரச் சுதைச் சிற்பம் 9 மி.மீ. ஆகிவிடும். 3 மி.மீ. பலகை ஒவ்வொன்றும் நிஜத்தில் 60 செ.மீ. கனத்துக்குச் சமம். அதனால் உச்சியின் வளைவு படிக்கட்டாகத் தெரியும். சிற்பம் வெறும் கீறலாகும். லேசர் பட்ட விளிம்பு கருகி, அடுக்குக்கு அடுக்கு பழுப்புக் கோடு விழும்.

நெட்டிக்காரர் இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறார். 9 மி.மீ.யில் எல்லாச் சிற்பத்தையும் செய்ய முடியாது. எதை விடுவது, எதை ஒரு சின்னச் சீவலால் குறிப்பது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தின் கிழக்கே உள்ள வெள்ளைக் கோபுரத்தை நெட்டியில் பார்த்தால், வர்ணமே தேவையில்லை, நிழல்தான் சிற்பம்.

கை என்பதாலேயே உசத்தின்னும் நான் சொல்லல. நூறாவது கோபுரத்தைப் பழக்கத்தில் வெட்டுகிற கையும் நகல் எடுக்கிற கைதான். தானே கோபுரத்தை அளந்து, எதைச் சுருக்கணும்னு யோசிச்சு வரைபடம் போட்டவர் லேசரில் வெட்டினாலும் கலைஞர்தான். யாரோ போட்ட ஃபைலை இறக்கி பட்டனை அமுக்கியவரை அப்படிச் சொல்ல முடியாது. 1928 முதல் ரயில்வே பணிமனை நடக்கும் பொன்மலையை வைத்துக்கொண்டு, மெஷினைக் கண்டு பயப்பட இந்த ஊருக்கு அவசியமும் இல்லை.

என் கவலை வேற இடத்தில். மெஷினுக்கு ஒரே கனம், ஒரே அடர்த்தியில் பலகை வேணும். நெட்டித் தண்டு ஒன்று போல இன்னொன்று இருக்காது. அதனால் மெஷின் வரும்போது வேலை செய்யும் முறை மட்டும் மாறுவதில்லை, பொருளும் மாறிப்போகிறது. நெட்டியை வாங்க ஆள் இல்லைன்னா, எந்தத் தண்டு எதுக்கு ஆகும்னு விரலால் தெரிஞ்சுக்கிற அறிவும் போயிடும். அதை ஃபைலாகச் சேமிக்க வழியில்லை.

எனவே அடித்தளம், மதில், பெட்டி எல்லாம் லேசர் வெட்டட்டும். கோபுரத்தைக் கத்திக்கு விடலாம். எது எதால் ஆனது என்று சீட்டில் எழுதிவிட்டால் போதும். கைவேலை விலைக்கு லேசர் வேலையை விற்பது மட்டும்தான் ஏமாத்து.