இரண்டாயிரம் ரூபாய் கார்

கோவை அவிநாசி ரோட்டில் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை பத்து கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டி, 2025 அக்டோபரில் திறந்து, ஜி.டி.நாயுடு பெயரை வைத்தார்கள். பெயரில் இருக்கும் சாதிப் பின்னொட்டு பற்றி ஏகப்பட்ட சர்ச்சை. எனக்கு உறைத்தது வேறு விஷயம். இத்தனை கார்கள் ஓடும் பாலத்துக்குப் பெயர் கொடுத்தவர் செய்த கார் மட்டும் விற்பனைக்கே வரவில்லை!

கதை நமக்கெல்லாம் மனப்பாடம். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் செய்தார். விலை 2,000 ரூபாய். டெல்லி லைசென்ஸ் தரவில்லை, அவ்வளவுதான். மேடையில் இதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டால் கைதட்டல் நிச்சயம். அடுத்து ரேசன்ட் ரேஸர், மெல்லிசு பிளேடு, 70 ரூபாய் ரேடியோ, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன் என்று பட்டியல் வாசிப்பார்கள். நாயுடுவைப் பற்றி வருகிற கட்டுரைகளில் பாதி இந்தப் பட்டியல்தான். மளிகைக் கடை லிஸ்ட் மாதிரி.

லைசென்ஸ் தராதது அநியாயம், சந்தேகமே இல்லை. தொழில்களுக்கு லைசென்ஸ் வாங்கச் சொல்லும் 1951-ம் வருஷச் சட்டம் அமலுக்கு வந்ததே 1952 மே மாதம்தான். புதுச் சட்டத்தின் வாசலிலேயே போய் நின்றார் மனிதர்.

ஆனால், பி.காம். படித்தவனுக்கு ஒரு கேள்வி அரிக்கும். 2,000 என்பது எந்த விலை? ஒரு வண்டி செய்ய ஆன செலவா, வருஷத்துக்குப் பத்தாயிரம் செய்தால் வருகிற கணக்கா? வரி, டீலர் கமிஷன் சேர்த்தா, சேர்க்காமலா? லைசென்ஸ் கிடைத்தால் மட்டும் கார் ஓடிவிடாதுங்க. சஞ்சய் காந்திக்கு அனுமதி, நிலம், அம்மாவின் செல்வாக்கு எல்லாமே இருந்தது. 1971-ல் ஆரம்பித்த அவருடைய மாருதி, உற்பத்தி சூடு பிடிக்காமலே 1977-ல் படுத்துவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க நாயுடுவிடமே இன்னொரு சரக்கு இருக்கிறது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து செய்த மின்சார மோட்டார். அதற்குள் பைக்காரா மின்சாரம் வந்தாயிற்று. ஆழக் கிணற்றில் கவலை ஓட்டி, மாடும் ஆளும் ஓய்ந்துபோன கொங்கு விவசாயி வாங்கக் காத்திருந்தார். பாலசுந்தரம் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கி, அதிலேயே ஊன்றி நின்றார். பின்னால் ஃபவுண்டரிகள், பட்டறைகள், பம்ப்செட் என்று ஊரே அந்த வேலையில் இறங்கியது. காருக்குப் பின்னால் அப்படி ஒரு பாலசுந்தரம் யார்? நாம் சொல்லும் கதையில் அப்படி ஆளே கிடையாது. நாயுடு ஒருவர், டெல்லி ஒன்று. எம்.ஜி.ஆர். - நம்பியார் படம் மாதிரி.

இதனால் நாயுடுவின் மதிப்பு குறைந்துவிடாது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட ஆரம்பித்து, யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்த்தவர். வாய்க்கு வந்த விலையைச் சொல்கிற ஆளே இல்லை. அதனால்தான் கேட்கிறேன். அந்தக் காரின் எந்தப் பாகத்தை இங்கே வார்த்தார்கள், எதை வெளியில் வாங்கினார்கள், எதற்கு எவ்வளவு ஆனது என்று உட்கார்ந்து எழுதுங்களேன். ‘மேதை’, ‘எடிசன்’ என்ற அடைமொழிகளை நூறு பக்கம் படித்தாயிற்று. அந்தச் செலவுக் கணக்கு ஒரே ஒரு பக்கம் கிடைத்தால் போதும்.